பிரச்சினையின் சுருக்கம்

அன்பின் ஐயா,

கொழும்பில் அரச வேலையில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. வெளிநாடுகளில் சிக்கலில் மாட்டிக்கொண்ட நம் நாட்டவர்களுக்கு உதவும் கொன்சியூலர் பிரிவொன்றில் இருக்கிறேன். தமிழில் வரும் அழைப்பெல்லாம் என் மேசைக்குத்தான். சம்பளம் கிடைக்காத பணிப்பெண்கள், மறியலில் இருப்பவர்கள், மகனின் பிரேதம் எப்போது வரும் என்று கேட்கும் தாய்மார். அந்த அப்பாவிச் சனங்கள் அழும்போது போனை மியூட்டில் போட்டுவிட்டு நானும் அழுகிறேன். இரவில் நித்திரை வருவதில்லை. மனதை எப்படிக் கல்லாக்கிக்கொள்வது? வங்கிப் பரீட்சை எழுதிப் போய்விடு என்கிறார் அம்மா. இவற்றைக் கதைகளாக எழுதினால் பாரம் குறையுமா?

இன்னொன்று. ‘தூதரகங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கின்றன’ என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். உள்ளேயிருந்து பார்க்கிறவளாகச் சொல்கிறேன், அது நியாயமில்லை.

(பெயர் வேண்டாம்)
கொட்டாஞ்சேனை

அன்பின் பிள்ளை,

தேத்தண்ணீர் வசனத்தை வாபஸ் வாங்குகிறேன். கோபத்தில் எழுதியது. எழுதிய அன்றைக்கு நானும் தேத்தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

வங்கி பற்றி எனக்குத் தெரியாது. அம்மா சொன்னால் யோசியுங்கள். கதை எழுதுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். பத்து வருஷத்துக்காவது வேண்டாம். அவர்கள் உங்களுக்குப் போன் எடுப்பது வீட்டுக்கு வர வழி கேட்டு, கதையில் வருவதற்கு அல்ல. உங்கள் பாரத்தை இறக்கிவைக்க அவர்களுடைய கோப்பு ஒரு சுமைதாங்கி இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைவிடப் பெரிய கோபம் ‘அப்பாவிச் சனங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதன்மேல். யார் அப்பாவி? மூன்று தடவை வளைகுடா போய்வந்து, அரபு கதைக்கப் பழகி, கல்வீடு கட்டி, தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பெண்ணா? உங்களுக்கும் எனக்கும் தெரியாத உலகம் அவளுக்குத் தெரியும். தாய்லாந்து எல்லையில் மோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மியன்மாரின் மியாவடியில், இணைய மோசடி முகாம்களில் அடைத்துவைக்கப்பட்ட நம் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். அந்த வேலைக்கு அப்பாவிகளைப் பிடிப்பதில்லை, கெட்டிக்காரரைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். ஒருத்தியை ‘பாவம்’ என்று நினைத்த கணத்திலேயே அவள் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிடுவோம். பாவப்பட்டவள் என்ன சொல்வாள் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும் அல்லவா? இது அனுபவித்துச் சொல்வது. கீழே வருகிறேன்.

உங்கள் கடிதம் வந்த வாரம் பழைய அலுமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கொப்பி அகப்பட்டது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வளைகுடா நகரமொன்றில் ஒரு கம்பனிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்று, வெள்ளிக்கிழமைகளில் என்னை ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிடுவார்கள். எந்த நகரம், யாருடைய அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. ஓடிவந்த பெண்கள் சொல்வதை உத்தியோகத்தருக்குச் சொல்ல வேண்டும். அவர் படிவம் நிரப்புவார். பெயர், கடவுச்சீட்டு இலக்கம், வேலைகொள்வோர் பெயர். கடைசியில் ‘பிரச்சினையின் சுருக்கம்’ என்று இரண்டு விரல் உயரத்தில் ஒரு பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எனக்குக் கதைக்க வேண்டும். மனதைக் கல்லாக்குவது பற்றி அப்புறம் பார்க்கலாம்.

படிவங்களோடு என் சகவாசம் அதற்கும் முந்தியது. 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது எங்கள் தெருவிலிருந்து போன மூன்று பெண்கள் அங்கே இருந்தார்கள். பாலைவனத்தைக் கடந்து, ஜோர்தான் எல்லைக் கூடாரங்களில் கிடந்து, ஒரு பையோடு வந்து சேர்ந்தார்கள். பிறகு ஐக்கிய நாடுகளின் நட்டஈட்டு ஆணைக்குழு வந்தது. ஈராக், குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்த தனியாட்களுக்கு 2,500 டொலர் அல்லது 4,000 டொலர் என்று ஒரு நிலையான தொகை. அதற்கான படிவங்களை நிரப்பிக்கொடுத்தவன் தெருவில் ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த நான். ‘குவைத்தில் எந்த முகவரி அக்கா?’ என்று கேட்டால், ‘பச்சைக் கேட், எதிரே பள்ளிவாசல், மூலையில் ரொட்டிக்கடை’ என்பார்கள். முகவரி தெரியாத சனம் என்று மனதுக்குள் சிரித்தேன். ஆறு வருஷம் இருந்த வீட்டை அவர்கள் கண்ணால் தெரிந்து வைத்திருந்தார்கள், படிவத்துக்குத் தேவைப்பட்டது வேறு விதமான தெரிதல் என்று விளங்கப் பல காலம் எடுத்தது.

சரி, கொப்பிக்கு வருகிறேன்.

கிழக்குப் பக்கத்துப் பெண். முப்பது வயதிருக்கும். வாடகைக் காரில் வந்து இறங்கினாள், காலில் செருப்பில்லை. பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னாள்: “பாபா கை வெச்சிட்டான் தம்பி, இனி அங்க போகேலா.” பாபா என்றால் வீட்டு எசமான், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் ‘அடித்துவிட்டானாம்’ என்று சொன்னேன்.

உத்தியோகத்தர் நல்ல மனிதர். காயம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். சுருக்கப் பெட்டியில் ‘சிறு தாக்குதல், காயமில்லை’ என்று ஏறியது. எசமானைக் கூப்பிட்டார்கள். வந்தான், வருத்தம் தெரிவித்தான், இனி அடிக்க மாட்டேன் என்று கையொப்பம் வைத்தான். அவளைக் காரில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்து, ஒன்றுமில்லை அக்கா, எல்லாம் சரி என்பது போலத் தலையசைத்தேன்.

நாலு மாதத்துக்குப் பின் அவள் பெயர் சிறைப் பட்டியலொன்றில் வந்தது. அந்த ஊரில் கணவனில்லாமல் வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் என்ன பெயரோ அந்தப் பெயர் குற்றம் என்ற நிரலில் இருந்தது.

‘கை வெச்சிட்டான்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த இரண்டு சொல்லுக்கும் இரண்டு அர்த்தம் உண்டு என்று தெரியாதா? தெரியும். ‘எப்படிக் கை வெச்சான் அக்கா?’ என்று ஒரு கேள்வி. அதுகூட வேண்டாம், ‘அடிச்சானா, வேற மாதிரியா?’ என்று கேட்டிருந்தால் போதும். வெள்ளிக்கிழமை மத்தியானம், பசி, வெளியே இன்னும் பதினொரு பேர். பாவம், அடி வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்த பிறகு கேட்க என்ன இருக்கிறது?

நம் பெண்கள் அந்நிய ஆண் முன்னால் இந்த விஷயத்தை நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் சொல்லாமலும் விட மாட்டார்கள். அதற்கென்று தமிழில் ஒரு தனிப் பேச்சு இருக்கிறது. ‘ஒரு மாதிரிப் பாக்கிறான்.’ ‘தொல்லை குடுக்கிறான்.’ ‘மாமா ஊருக்குப் போயிட்டா, வீட்டில நான் மட்டுந்தான்.’ (அங்கே மாமா என்றால் எசமானி.) என் கொப்பியில் ஒருத்தி சொன்னதாக இருக்கிறது: ‘அறைக்குப் பூட்டில்ல.’ அதை நான் எப்படி மொழிபெயர்த்தேன் என்றும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன், தங்குமிட வசதிக் குறைபாடு என்று. நல்ல மொழிபெயர்ப்பு. இலக்கணப் பிழையே இல்லாத மொழிபெயர்ப்பு.

உங்கள் மேசையில் அவள் சொல்வது தமிழ். மேலே போகும் குறிப்பு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ. அங்கிருந்து தூதரகத்துக்கு ஆங்கிலம். தூதரகத்திலிருந்து அந்த நாட்டுப் பொலிசுக்கோ தொழில் அமைச்சுக்கோ அரபு. இத்தனை கை மாறி அவளுடைய வாக்கியம் போய்ச் சேரும்போது அதில் அவளுடையது என்று மிஞ்சுவது கடவுச்சீட்டு இலக்கம் ஒன்றுதான். பின்னால் வருகிற யாராலும் முதல் கடதாசியில் இல்லாததைச் சேர்க்க முடியாது. அதனால்தான் முதல் கடதாசியை எழுதுகிற ஆள் முக்கியம் என்கிறேன், எட்டு மாத சர்விஸ் ஆனாலும்.

மூதூர் ரிசானா நபீக்கை உங்களுக்கு நினைவிருக்கும். 2005இல் சவூதிக்குப் போனவர். கடவுச்சீட்டில் பிறந்த வருஷம் 1982. உண்மையில் 1988. போய்ச் சில வாரங்களில் அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலம் எழுதப்பட்டது. பால் கொடுக்கையில் புரையேறியது என்று பிறகு அதை மறுத்தார். அந்த முதல் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழையும் அரபையும் சரியாகக் கையாளத் தெரிந்ததா என்ற கேள்வி பின்னால் பெரிதாக எழுந்தது. 2007இல் மரண தண்டனை. மேன்முறையீடு, தூதுக்குழுக்கள், மன்னிப்புக் கோரிக்கைகள். குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேறியது. அந்த ஒரு கடதாசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஏழு வருஷமாக அத்தனை பேரும் முட்டி மோதியது அதன்மேல்தான்.

கொன்சியூலர் உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை உங்களுக்குப் பாடமாக இருக்கும். 36ஆம் உறுப்புரையின்படி, தடுத்து வைக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால் அவருடைய நாட்டின் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் அறிவிக்க வேண்டும். அப்படிக் கேட்கும் உரிமை உண்டென்று அவருக்குச் சொல்லவும் வேண்டும். நல்ல சட்டம். ஆனால் எந்த பாஷையில் சொல்வார்கள், அவர் எந்த பாஷையில் கேட்பார்? பதினேழு வயதில், தமிழ் மட்டும் தெரிந்து?

தூதரகத்தால் எது முடியாது என்று சனங்களுக்கு எப்படிச் சொல்வது என்றும் உங்களுக்குச் சங்கடம் இருக்கும். நேரே சொல்லுங்கள். அந்த நாட்டு நீதிமன்றத்தில் தலையிட முடியாது, மந்திரி சொன்னாலும் மறியல் கதவு திறக்காது, கடனைக் கட்ட முடியாது. போய்ப் பார்க்கலாம், வக்கீல் பட்டியல் கொடுக்கலாம், கடவுச்சீட்டுப் பறிபோனவருக்குத் தற்காலிகப் பயண ஆவணம் கொடுக்கலாம். பிரேதத்துக்கு மரணச் சான்றிதழ், ஆட்சேபனை இல்லை என்ற கடிதம், பதப்படுத்திய சான்றிதழ் என்று வரிசையாகக் கடதாசி வேண்டும், அதனால்தான் சுணங்குகிறது. ‘விரைவில் வரும்’ என்று மட்டும் தாயிடம் சொல்லாதீர்கள். இன்றைக்கு எந்தக் கடதாசி வந்தது, எது வரவில்லை என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அது விளங்கும்.

இனி உங்கள் வேலைக்கு உதவக்கூடிய ஒன்று. சுருக்கப் பெட்டியை நிரப்பத்தான் வேண்டும், நிரப்புங்கள். ஆனால் ஓரத்தில், அல்லது தனிக் கடதாசியில், அவள் சொன்ன வாக்கியத்தை அவள் சொன்னபடியே தமிழில் எழுதிக் கோப்பில் தையுங்கள். ‘போகேலா’ என்றால் ‘போகேலா’ என்றே. திருத்தாதீர்கள். சிங்கள உத்தியோகத்தருக்கு விளங்காது என்பார்கள். விளங்க வேண்டாம், இருந்தால் போதும். நாளைக்கு வேறொரு தமிழ்ப் பிள்ளை அந்தக் கோப்பைத் திறந்து, ‘சேர், இதில் வேறென்னவோ சொல்லியிருக்கிறா’ என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். நான் அன்றைக்கு அப்படி ஒரு வரியைக் கோப்பில் எழுதி வைக்கவில்லை. அவள் சொன்னது என் கொப்பியில் மட்டும் இருக்கிறது, அலுமாரிக்குள் இருபது வருஷமாக.

அடுத்தது பச்சைக் கேட். எங்கே இருக்கிறாய் என்று கேட்டு, தெரியாது என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். இப்போது வாட்ஸ்அப்பில் இருக்கும் இடத்தை அனுப்பலாம், போன் அவள் கையில் இருந்தால். இல்லாவிட்டால் வாசலில் ஒரு பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டாரில் நீலப் பலகை, அதில் வலயம், தெரு, கட்டிடம் என்று மூன்று எண். குவைத்திலும் வீட்டு வாசலில் இலக்கப் பலகை உண்டு. அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். குப்பை போடப் போகும்போது பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பெரும்பாலான பெண்கள் வாசலுக்கு வரும் ஒரே நேரம் அதுதான்.

கல்லாக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அழுகிறீர்கள் என்றால் அழுங்கள், இதற்கு நான் என்ன சொல்ல? ஆனால் அந்த மியூட்டை மட்டும் நிறுத்துங்கள், பிள்ளை. உங்கள் பக்கம் சத்தம் நின்றால் அந்தப் பக்கம் அவளுக்கு லைன் கட்டாகிவிட்டது போலத்தான் இருக்கும். குளியலறைக்குள் நின்று, யாரிடமோ இரவல் வாங்கிய போனில், மிஞ்சியிருக்கும் கொஞ்சக் காசில் எடுக்கிறாள். ‘ஹலோ, ஹலோ’ என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாவது ‘இருக்கிறன் அக்கா, சொல்லுங்கோ’ என்று சொல்லுங்கள். பிறகு இலக்கத்தைக் கேளுங்கள்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனைக்காரன்