பெரிய டயர், சின்ன லிஃப்ட்: கேள்வி பதில்

ஆஃப்ரோடு வண்டியைக் கொஞ்சம் உயர்த்தி (இதைத்தான் லிஃப்ட் என்கிறோம்), ஒரு அளவு பெரிய டயர் போட நினைப்பவர்களின் கேள்விகள் இவை. என் வண்டிகளுக்கு இந்த வேலையை நானே செய்து வருகிறேன். நண்பர்களின் வண்டிகளுக்கு அடியிலும் நிறைய நேரம் படுத்திருக்கிறேன். பாதிப் பேர் "எத்தனை அங்குலம் தூக்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில் முடிவு செய்கிறவன். முதலில் டயரைத் தேர்ந்தெடுங்கள். அது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். இடிக்காமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் தூக்குங்கள்.

கேள்வி: அண்ணா, 2 அங்குல லிஃப்ட் போட்டால் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, 2 அங்குலம் கூடிவிடும்தானே? என் வண்டியில் முன்னும் பின்னும் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்சில்.

கூடாது தம்பி. வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆக்சில் நடுவில் தொங்கும் அந்த டிஃப்ரன்ஷியல் உருண்டையைப் பாருங்கள். அது சக்கரங்களோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு நீளமாக மாற்றினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் தட்டுவதும் அதுதான். அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. அதிலும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் கிடைக்கும்.

லிஃப்ட் உயர்த்துவது சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை. முன் பம்பர் மேட்டில் முட்டாமல் ஏறுவது, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் வயிறு தட்டாமல் இருப்பது, இறங்கும்போது பின்பக்கம் இடிக்காமல் இருப்பது, இந்த மூன்று கோணங்களும் லிஃப்டால் கூடும். அதற்கும் மேலாக, பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். உங்கள் வண்டி எங்கே தட்டுகிறது என்று அடியில் படுத்துக் கீறல்களைப் பாருங்கள். கீறலெல்லாம் டிஃப்ரன்ஷியலில் இருந்தால் டயருக்குச் செலவு செய்யுங்கள். சேஸியிலும் படிக்கட்டிலும் இருந்தால் லிஃப்டுக்கு அர்த்தம் இருக்கிறது.

கேள்வி: இப்போது 245/70 ஆர்16 ஓடுகிறது. 265/75 ஆர்16 போடலாமா? கணக்கு எப்படிப் போடுவது?

முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 16 அங்குலம் என்றால் 406 மி.மீ. அதோடு பக்கச்சுவரை இரண்டு தடவை கூட்டினால் டயரின் விட்டம். உங்கள் பழைய டயர் 749 மி.மீ. வருகிறது, புதியது 804. வித்தியாசம் ஏறக்குறைய 55 மி.மீ. ஆக, ஆக்சிலுக்கு அடியில் 27 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். ஆனால் டிராக்கில் அந்த ஒரு அங்குலம் பல கற்களைத் தட்டாமல் தாண்ட வைக்கும்.

விட்டம் 7 சதவீதம் கூடுகிறது. இந்த 7 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் மறுபடியும் வரும். ஒரு மிதமான லிஃப்டோடு இது நல்ல அளவு. ஆனால் கணக்கில் வரும் அளவும் டயரின் உண்மையான அளவும் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். தயாரிப்பாளர் தரும் அளவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 2 அங்குலம் தூக்கியாயிற்று. பெரிய டயரும் போட்டாயிற்று. சாதாரண ரோட்டில் பிரச்சினை இல்லை, ஆனால் பள்ளத்தில் ஒரு பக்கம் இறங்கும்போது உரசுகிறது. இன்னும் ஒரு அங்குலம் தூக்கினால் சரியாகிவிடுமா சார்?

இந்த ஒரு கேள்விக்காகவே உட்கார்ந்து எழுதலாம் என்று தோன்றியது. சரியாகாது.

வண்டி சமதரையில் நிற்கும்போது லிஃப்ட் தந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறி சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது அந்தச் சக்கரம் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் போய் முட்டும் வரை மேலே வரும். பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருந்தால் சக்கரமும் பழைய உயரம் வரைக்கும் வரும். நீங்கள் 1 அங்குலம் தூக்கினாலும் 4 அங்குலம் தூக்கினாலும் இதில் மாற்றம் இல்லை. டயர் மட்டும் பெரிதாகிவிட்டது. அதனால்தான் இடிக்கிறது.

நான் செய்யும் சோதனை இது. ஒரு பக்கம் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவேன். ஷாக்கை (ஷாக் அப்சார்பரை) கீழே விடுவித்து, சேஸியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்திவிட்டு, சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் மெதுவாக ஏற்றுவேன். பம்ப் ஸ்டாப் தொடும் வரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பிப் பார்ப்பேன். டயரின் ஓரத்தில் சாக்பீஸ் பூசி வைத்தால் எங்கே தொடுகிறது என்று வெள்ளைக் கோடாக விழுந்துவிடும். பெரும்பாலும் மூன்று இடங்கள்: மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பின் பின்பக்கம், முன் பம்பரின் ஓரம், உள்பக்கமாக, சக்கரத்தைச் சேஸியோடு பிடித்திருக்கும் கீழ் ஆர்ம் அல்லது சேஸி.

பிளாஸ்டிக் என்றால் சூடாக்கி உள்ளே தள்ளலாம், வெட்டலாம். தகரமோ சேஸியோ என்றால் பம்ப் ஸ்டாப்பைத் தேவையான அளவு நீட்ட வேண்டும். கொஞ்சம் அமுங்கும் தூரம் குறையும். ஆனால் டயர் கிழிவதோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பில்லை. ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பும்போது உள்ளே தொட்டால், திருப்பத்தை நிறுத்தும் போல்ட்டைச் சற்று வெளியே நீட்டி வைக்கலாம். வண்டி திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

கேள்வி: வெளியே துருத்தும் ரிம் போட்டால் உள்ளே இடிக்காதே?

உள்ளே இடிக்காது, வெளியே இடிக்கும். 245-லிருந்து 265-க்குப் போனால் பக்கத்துக்கு 10 மி.மீ. அகலம் கூடுகிறது. ரிம்மின் ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம், மி.மீ.) 30-லிருந்து 10-க்குக் குறைத்தால் இன்னும் 20. ஆக டயரின் வெளி ஓரம் 30 மி.மீ. வெளியே வந்து நிற்கும். ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த ஓரம் பெரிய வட்டம் அடித்து மட்கார்டின் பின்பக்கத்தில் மோதும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும், சேறும் கண்ணாடி வரை பறக்கும். பழைய ரிம்மே பொருந்தினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்பேசர் வைப்பதா, ஸ்பிரிங் மாற்றுவதா? முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் ஆக்சில்.

ஸ்பிரிங். முடிந்தால் அதற்கேற்ற நீளமான ஷாக்கோடு சேர்த்து.

ஸ்பேசர் என்பது உயரம் கூட்ட இடையில் வைக்கும் துண்டு. அது மட்டமான பொருள் என்று சொல்லவில்லை. அது என்ன செய்கிறது என்று தெரிந்து போட வேண்டும். மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்று இரண்டு உள்ள அமைப்பில் ஷாக், கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கும். அதனால் ஷாக்கின் தலையில் வைக்கும் 1 அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய 2 அங்குலமாகத் தெரியும். "2 அங்குல ஸ்பேசர்" என்று கேட்டு வாங்கி, வண்டி 4 அங்குலம் எழும்பி நிற்பதைப் பார்த்து முழிப்பவர்கள் உண்டு. அந்த ஸ்பேசர் ஷாக் முழுவதையும் கீழே தள்ளுவதால், சக்கரம் தொங்கும்போது முன்பைவிடக் கீழே போகும். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் கோணமும், மேல் ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் மேல் பால் ஜாயின்ட்டின் கோணமும் அங்கேதான் எல்லை மீறும். முதலில் சிவி பூட் (ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் தெறிக்கும், பிறகு திருப்பத்தில் கடகட என்று சத்தம் வரும்.

இந்த வகை முன் சஸ்பென்ஷனில் 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். அதற்கு மேல் போனால் மேல் ஆர்மையும் மாற்ற வேண்டி வரும், அலைன்மென்ட்டும் எளிதில் எல்லைக்குள் வராது.

ஸ்பிரிங் வாங்கும்போது வண்டி எப்போதும் சுமக்கும் எடையைச் சொல்லி வாங்குங்கள். இரும்பு பம்பர், வின்ச், மேலே கேரியர் எல்லாம் இருந்தால் அதற்கேற்ற கனமான ஸ்பிரிங். ஒன்றும் இல்லாத வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டால் சொன்ன அளவைவிட உயரமாக நிற்கும், ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும்.

கேள்வி: முன்பக்கமும் ஆக்சில், காயில் ஸ்பிரிங். லிஃப்ட் செய்த பிறகு ஹைவேயில் வண்டி அலைகிறது, திருப்பிவிட்ட ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை.

கேஸ்டர் குறைந்துவிட்டது. பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்தான் கேஸ்டர்; ஸ்டீயரிங்கை நேராக்குவது அதுதான். ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்களின் நீளம் மாறாததால், சேஸி மேலே போகும்போது ஆக்சில் முன்பக்கமாகச் சற்றுச் சுழன்றுவிடுகிறது. வீல் அலைன்மென்ட்டில் டோ (சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்க்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். கேஸ்டர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். லிஃப்டுக்கு முன் எடுத்த எண்ணும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. குறைந்திருந்தால் கேஸ்டரைச் சரிசெய்யும் புஷ்ஷோ (ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் வளையம்), நீளம் மாற்றக்கூடிய ஆர்மோ போட வேண்டும்.

அப்படியே வண்டிக்கு நேர் பின்னால் நின்று பாருங்கள். ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். சேஸியையும் ஆக்சிலையும் குறுக்கே இணைக்கும் பான்ஹார்டு ராடு சாய்ந்துவிடுவதால் அது ஆக்சிலைப் பக்கவாட்டில் இழுக்கிறது. நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டீயரிங் வெறித்தனமாக ஆட ஆரம்பித்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே அந்த ராடின் புஷ்களையும் போல்ட்களையும் ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி: லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) வண்டி. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை வைத்துத் தூக்கலாமா?

பின்பக்கம், ஒரே ஒரு கட்டை, அதுவும் சிறியதாக. முன்பக்கம் கூடவே கூடாது. கட்டை மேல் கட்டை எங்கேயும் கூடாது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஆக்சில் சுழலப் பார்க்கும். கட்டை உயர உயர ஸ்பிரிங்கை முறுக்கும் விசையும் கூடும். புதிய லீஃப் செட் போட முடிந்தால் அதுதான் சரி. எது செய்தாலும், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் பழைய யூ-போல்ட்டை மறுபடி மாட்டாதீர்கள். அது ஒரு தடவை இறுக்கும்போதே நீண்டு விடுகிறது. புதியது போட்டு, 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி இறுக்குங்கள்.

கேள்வி: மைலேஜ், இழுவை, பிரேக் எல்லாம் எவ்வளவு பாதிக்கும்?

அந்த 7 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிஃப்ரன்ஷியல் விகிதம் 4.10 என்றால் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றும்) பெரிய டயரோடு அது 3.82 போல நடந்துகொள்ளும், அதாவது இழுவை குறையும். பழைய இழுவை வேண்டும் என்றால் 4.40 அளவில் கியர் தேட வேண்டும். ஒரே ஒரு அளவு பெரிய டயருக்கு யாரும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மேட்டில் ஒரு கியர் முன்னதாகக் குறைத்தால் போதும். அதற்கு மேல் பெரிதாகப் போகிறவர்கள்தான் கியரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். முன்பு சரியாக இருந்திருந்தால், அது 80 காட்டும்போது நீங்கள் 86-இல் போகிறீர்கள். பிரேக்கிலும் அதே கணக்கு: அதே மிதிக்கு ரோட்டில் கிடைக்கும் பிடிப்பு விசை அந்த அளவுக்குக் குறையும். டயரின் எடையும் கூடியிருக்கும். முதல் சில நாள் முன்னால் போகிற வண்டியிலிருந்து தள்ளியே ஓட்டுங்கள்.

கேள்வி: எல்லாப் பாதைக்குமான ஆல் டெரெய்ன் டயரா, சேற்றுக்கான மட் டெரெய்ன் டயரா?

வாரத்தில் ஆறு நாள் தார் ரோடு என்றால் ஆல் டெரெய்ன். ஈரத் தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது வித்தியாசம் தெரியும். களிமண் சேற்றிலேயே கிடக்கும் வண்டிக்கு மட்டும் மட் டெரெய்ன். எதுவானாலும் பழைய டயரின் சுமை எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியும் அதே அளவு இருக்க வேண்டும், அது பழைய இடத்தில் பொருந்துமா என்றும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

கையடக்கமான கம்ப்ரஸரும் காற்றழுத்தம் பார்க்கும் கேஜும் வாங்குங்கள். கற்பாதையில் 20 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை இறக்கினால் டயர் கல்லின் மேல் மடங்கிப் பிடிக்கிறது. லிஃப்ட் எதுவும் செய்யாமலே கிடைக்கும் லாபம் இது. ரோட்டுக்குத் திரும்பியதும் ஏற்றிவிட வேண்டும்.

கேள்வி: ஏற்கெனவே லிஃப்ட் செய்த பழைய வண்டி ஒன்றை வாங்கப் பார்க்கிறேன். குழந்தைகளை வைத்து நான்தான் ஓட்டுவேன். வண்டி கவிழுமோ என்று பயமாக இருக்கிறது அண்ணா.

பயம் நியாயமானதுதான் அம்மா. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். அந்த எண் குறையக் குறைய வண்டி எளிதில் கவிழும். அகலம் 1500 மி.மீ., மையம் 700 மி.மீ. உயரத்தில் என்று வையுங்கள்: 1.07. 2 அங்குல லிஃப்டும் நாம் பேசிய டயரும் சேர்ந்தால் மையம் ஏறக்குறைய 65 மி.மீ. மேலே போகும். அப்போது 0.98. குறைவது உண்மை. 4 அங்குலத்துக்கு மேல் தூக்கிய வண்டி என்றால் வேண்டாம் என்பேன். 2 அங்குலம் என்றால், மேலே கேரியரில் கனமான பொருள் ஏற்றாமல், வளைவில் வேகம் குறைத்து ஓட்டுங்கள்.

வாங்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கும் மேடையில் ஏற்றி, சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிரேக் ஹோஸ் கம்பிபோல விறைத்து நின்றால் அதை நீட்டவே இல்லை என்று அர்த்தம். சிவி பூட்டின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். மட்கார்டின் உள்ளே டயர் தேய்த்துப் பளபளக்கும் இடம் இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். இந்த மாற்றம் பதிவுப் புத்தகத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் ஒத்துப்போகிறதா என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: நாளைக்கு நானே மாட்டப் போகிறேன். மறக்கக்கூடாத ஒன்று?

ஆர்ம் புஷ்களின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி வரை இறுக்காதீர்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, எடை முழுதும் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அப்புறம், ராத்திரி வெளியே எடுக்கும் முன் ஹெட்லைட்டை ஒரு சுவரில் அடித்து இறக்கி வைத்துவிடுங்கள். வண்டியின் மூக்கு தூக்கியிருந்தால் எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும்.