ஹெம்ப் சாகுபடிக்கு முன்பணம் கட்டிவிட்டேன், விதைக்கலாமா?

கேள்வி: எனக்குப் பென்னாகரம் பக்கம் மூன்று ஏக்கர் நிலம். மரவள்ளி போட்டு இரண்டு வருடமாகக் கையைக் கடிக்கிறது. போன மாதம் சேலத்தில் ஓர் ஓட்டலில் கூட்டம் போட்டார்கள். 'இண்டஸ்ட்ரியல் ஹெம்ப்' என்று ஒரு பயிர், கஞ்சா மாதிரி இருக்கும், ஆனால் போதை கிடையாது, இமாச்சலில் சட்டம் பாஸ் ஆகிவிட்டது, தமிழ்நாட்டில் ஆறு மாதத்தில் வரும், முதலில் சேருகிறவர்களுக்குத்தான் லைசென்ஸ் என்றார்கள். ஏக்கருக்கு இரண்டரை லட்சம் கட்டினால் விதை, உரம் தந்து, விளைந்ததையும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். வருடத்துக்கு ஏக்கருக்கு எட்டு லட்சம் என்கிறார்கள். 50,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். விதைப் பாக்கெட் வீட்டில் இருக்கிறது. இப்போது மீதிப் பணத்துக்கு இரண்டு பிளாங்க் செக்கும், சிட்டா, அடங்கல் நகலும் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் நான்கு பேர் கட்டியிருக்கிறார்கள், ஒருவர் கிணற்றடியில் கால் ஏக்கர் விதைத்துவிட்டதாகக் கேள்வி. அமெரிக்காவில் கஞ்சாவைச் சட்டமாக்கியதில் அரசாங்கத்துக்கே கோடிக்கணக்கில் வருமானம் என்று மருமகன் சொல்கிறார். விதைத்தால் ஆபத்தா? (பெயர் வேண்டாம்)

வழக்கறிஞர் பதில்:

ஐயா, மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். செக் கொடுக்காதீர்கள். விதைப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம், இந்த மூன்றும் இன்றைக்கே.

'ஹெம்ப் வேறு, கஞ்சா வேறு' என்று அவர்கள் சொல்வது அமெரிக்காவில் சரி. அங்கே 2018-ல் வந்த சட்டம், போதை தரும் டி.ஹெச்.சி. என்ற பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத செடியைத் தனியாகப் பிரித்து, சாதாரணப் பயிர் என்று சொல்லிவிட்டது. நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (என்.டி.பி.எஸ். என்பார்கள்) அப்படிப் பிரிவினையே கிடையாது. கன்னாபிஸ் (கஞ்சாச் செடியின் தாவரப் பெயர்) இனத்துச் செடி எதுவானாலும் அது கன்னாபிஸ் செடிதான். போதை கம்மியா, அதிகமா என்று சட்டம் கேட்பதில்லை. அனுமதி இல்லாமல் பயிரிட்டால் பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம்.

இன்னொன்றும் காதில் விழுந்திருக்கும்: ஒரு கிலோவுக்குள் என்றால் சின்ன கேஸ், ஜாமீனில் வந்துவிடலாம் என்று. அந்த ஒரு கிலோ கணக்கு கையில் வைத்திருக்கும் கஞ்சாவுக்கு. நிலத்தில் நிற்கும் செடிக்கு அந்தச் சலுகை இல்லை.

இப்போது விதைக்கு வருவோம். அந்தக் கூட்டத்தில் உங்களைக் கட்டிப்போட்டது இதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் பாதி உண்மை இதில் இருக்கிறது. சட்டம் 'கஞ்சா' என்று சொல்வது செடியின் பூத்த, காய்த்த நுனியை. அந்த நுனி கலக்காமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா என்ற சொல்லுக்குள் வராது. வடக்கே சில மாநிலங்களில் இந்த இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்கும் கடைகள் நடப்பது இலைக்கு இருக்கும் இந்த விலக்கினால்தான். கஞ்சா விதையை உணவாக விற்பதற்கு 2021 நவம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) வழி விட்டதும் அதே விலக்கை வைத்துத்தான். ஆக, உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பாக்கெட்டுக்காக உங்களை யாரும் கஞ்சா வைத்திருந்தார் என்று சொல்ல முடியாது. இலை குற்றமில்லை, விதை குற்றமில்லை, அப்படியானால் இலையும் விதையும் தரும் செடியை வளர்ப்பது மட்டும் எப்படிக் குற்றம் என்று புரோக்கர் கேட்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சட்டம் அந்த இரண்டையும் தனித்தனி வாக்கியத்தில் வைத்திருக்கிறது. கஞ்சா என்ற பொருளுக்கு விளக்கம் ஓரிடத்தில், செடியைப் பயிரிடத் தடை வேறோர் இடத்தில். தடை சொல்லும் இடத்தில் இலைக்கும் விலக்கு இல்லை, விதைக்கும் விலக்கு இல்லை. பாக்கெட்டில் இருக்கும்வரை அது வெறும் விதை. மண்ணுக்குள் போட்டு முளைவிட்டதும் நீங்கள் கன்னாபிஸ் பயிரிட்டவர். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், என்னிடம் வருகிற பாதிப் பேர் இந்த ஒரு இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

அரசு அனுமதி கொடுக்க வழியே இல்லையா? இருக்கிறது. அதே சட்டத்தின் 14-வது பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் இந்தச் செடியைப் பயிரிட அரசு உத்தரவு போடலாம் என்கிறது. உத்தராகண்ட் 2018-ல் இந்த வழியில் லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. இமாச்சலில் 'சட்டம் பாஸ்' என்று உங்களுக்குச் சொன்னது, 2024 செப்டம்பரில் சட்டசபை ஒரு குழு அறிக்கையை ஏற்றுக்கொண்டதைத்தான். 2025 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புக்கொண்டதும், பாலம்பூரிலும் நௌனியிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் சோதனை முறையில் ஆய்வு செய்வதற்கு. சரி, இமாச்சலில் நாளைக்கே லைசென்ஸ் கொடுத்தாலும் அது இமாச்சல் மண்ணுக்கு. பென்னாகரத்துக்கு அந்தக் காகிதம் செல்லாது. தமிழ்நாட்டில் விவசாயிக்கு இப்படி லைசென்ஸ் தரும் ஏற்பாடு கிடையாது. வராத உத்தரவுக்கு முன்பதிவு என்று எதுவும் இல்லை.

கம்பெனி கொடுத்ததென்று கேள்வியோடு நீங்கள் படம் எடுத்து அனுப்பிய மூன்று தாள்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் தாள் கம்பெனி பதிவு. யார் வேண்டுமானாலும் ஆடிட்டரைப் பிடித்து வாங்கலாம். இரண்டாவது, மேலே அசோகச் சின்னம் போட்டுப் பளபளவென்று இருக்கிறதே, அது உத்யம் பதிவு. சிறுதொழில் செய்கிறேன் என்று நாமே ஆன்லைனில் நிரப்பினால் இலவசமாக வந்துவிடும், யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. மூன்றாவதில் 14 இலக்க எண் இருக்கிறது, அது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், சாப்பாட்டுப் பொருள் விற்பதற்கு. ஹோட்டலில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் அதே எண்தான். மூன்றிலும் அரசாங்க முத்திரை இருப்பது உண்மை. மூன்றில் ஒன்றிலும் 'பயிரிடலாம்' என்ற சொல் இல்லை. புரோக்கர்கள் பொய்க் காகிதம் காட்டுவது குறைவு, ஐயா. உண்மையான காகிதத்தைத் தப்பான வேலைக்குக் காட்டுவார்கள். லைசென்ஸ் என்று யார் எதை நீட்டினாலும், உங்கள் சர்வே நம்பர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து அந்தச் சிட்டா, அடங்கலில்தான் இருக்கிறது. சாதாரண கிரிமினல் வழக்கில் குற்றத்தை போலீஸ் நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில், நீங்கள் உழுத நிலத்தில் கன்னாபிஸ் செடி நின்றால் குற்றம் செய்தவர் நீங்கள்தான் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தெரியாமல் செய்தேன், கம்பெனி சொன்னது என்பதையும் நீங்கள்தான் நிரூபித்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் கம்பெனிக்காரர் பெயர் இருக்கலாம், பட்டாவில் உங்கள் பெயர்தான் இருக்கிறது.

என்னிடம் ஒரு பெரியவர் வழக்கு வந்தது. மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டிருந்தார். குத்தகைக்காரன் துவரைக்கு நடுவே வரிசைக்கு நாலு செடி போட்டிருக்கிறான். துவரை ஆளுயரம் வளர்ந்து மறைத்துக்கொண்டது, வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரெய்டு வந்த அன்று குத்தகைக்காரன் ஊரில் இல்லை. பெரியவர் மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தார், அவரைப் பிடித்துப் போனார்கள். குத்தகையை வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்துக்கூட வாங்கவில்லை. விடுதலை வாங்கிக் கொடுத்தோம், நாலரை வருடம் கழித்து. அதற்குள் மாட்டை விற்றார், பேத்தி கல்யாணம் ஒரு தடவை தட்டிப்போனது. லேப் ரிப்போர்ட் வரவில்லை என்று வாய்தா, சாட்சியான அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார் என்று வாய்தா. எழுபது வயதுக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ் மாறி வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். குத்தகைக்காரனைக் கடைசிவரை பிடிக்கவில்லை.

மருமகன் சொன்ன வருமானக் கணக்கு தப்பில்லை. கொலராடோ மாநிலத்தில் 2012-ல் மக்கள் ஓட்டுப் போட்டு, 2014 ஜனவரி 1 முதல் கடைகளில் விற்பனை ஆரம்பித்தது. 2021-ல் 220 கோடி டாலருக்கு மேல் விற்றது, வரியாக மட்டும் 42 கோடி டாலருக்கு மேல் வந்தது. வரியில் ஒரு பங்கு பள்ளிக் கட்டடங்களுக்குப் போனது. ஆனால் அது அரசாங்கத்தின் வருமானம். வளர்ப்பவர் கதை வேறு. 2015-ல் மொத்த விலை ஒரு பவுண்டு எடைக்கு 2,000 டாலர் வரை இருந்தது, 2023-ல் 700 டாலருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சுற்றியுள்ள சில மாநிலங்களும் சட்டமாக்க, 2024-ல் கொலராடோ விற்பனையே 140 கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. தடை இருந்ததால் கிடைத்த விலை அது, தடை போனதும் விலையும் போய்விட்டது. மரவள்ளி விலை எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதுகூடப் போதைக் கஞ்சாவின் கதை. உங்களிடம் விற்கப் பார்க்கும் ஹெம்ப் கதை இதைவிட மோசம். 2018 சட்டம் வந்ததும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் புகையிலை விட்டவர்கள் பலர் ஹெம்ப்புக்கு மாறினார்கள். அங்கேயும் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டன, நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றன. 2019-ல் எல்லோரும் ஒரே நேரத்தில் அறுத்தார்கள். விலை தரைதட்டியது, அறுத்தது கொட்டகையில் கிடந்தது, 2020 தொடக்கத்தில் அங்கே பெரிய கொள்முதல் கம்பெனி ஒன்றே திவாலாகிவிட்டது. அவர்களுக்குச் சட்டம் இருந்தது, வங்கி இருந்தது, கோர்ட்டுக்குப் போக வழி இருந்தது. உங்களுக்கு அந்த வழியும் இல்லை. சட்டம் தடுத்த காரியத்துக்குப் போட்ட ஒப்பந்தம் 1872 ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. எட்டு லட்சம் தரவில்லை என்று நீங்கள் வழக்குப் போட முடியாது. நீங்கள் கொடுத்த பிளாங்க் செக்கை அவர்கள் நிரப்பி வங்கியில் போட்டால், செக் திரும்பியதற்குக் கோர்ட்டில் பதில் சொல்லி அலைய வேண்டியது நீங்கள்தான்.

நம் பக்கத்துக்கு இது புதிதா என்ன? பெருந்துறையில் ஈமு கோழி. குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம், முட்டையையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். 2012-ல் கம்பெனி ஆட்களைக் காணோம், கொல்லையில் ஆளுயரக் கோழிகள் தீவனமில்லாமல் நின்றன. அதற்கு முன்னால் தேக்குமரத் திட்டம். அப்போதாவது பணம்தான் போனது. இதில் பணத்தோடு நிலத்துக்காரரும் உள்ளே போவார்.

என் சொந்தக் கருத்தையும் மறைக்கவில்லை. இந்தச் செடியை அரசு கட்டுப்பாட்டில் வைத்து, லைசென்ஸ் கொடுத்து, வரி போட வேண்டும் என்று நினைப்பவன் நான். வெள்ளைக்காரன் காலத்தில், 1893-94-ல், இந்தியா முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த கமிஷன் முழுத் தடை தேவையில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்றுதான் எழுதி வைத்தது. 14-வது பிரிவு வந்து நாற்பது வருடம் ஆகிறது. நாருக்குப் பயிரிட விடலாமா, விடக்கூடாதா என்று ஒரு முடிவை எடுத்து, தமிழில் இரண்டு பக்க அறிவிப்பாக வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகச் சுவரில் ஒட்டினால் சேலம் ஓட்டல் கூட்டத்துக்கு ஆள் வராது. ஒரு விவசாயி இதைப் போய்க் கேட்டால் வேளாண்மை அலுவலகம் எங்களுக்குத் தெரியாது என்கிறது, தாலுகா ஆபீஸ் போலீஸைக் கேள் என்கிறது, போலீஸ் எதற்குக் கேட்கிறாய் என்று சந்தேகமாகப் பார்க்கிறது. யாரிடமும் பதில் இல்லாத இடத்தில்தான் புரோக்கர் நாற்காலி போட்டு உட்கார்கிறான். எனக்கு இதில் உண்மையிலேயே ஆத்திரம் வருகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பணம் கூகுள் பேயில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும், வங்கிக் கணக்கு விவரத்தையும் அச்சடித்து வையுங்கள். கூட்டத்து நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். அவர்களுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம், குரூப்பை அப்படியே கலைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாக்கெட்டைப் பிரிக்காமல், நீங்களும் அந்த நான்கு பேரும் சேர்ந்து பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். முதலீடு வாங்கி ஏமாற்றுகிறவர்களுக்கென்றே 1997-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் இருக்கிறது, நிதி நிறுவன மோசடிக்கெல்லாம் அதைத்தான் போடுவார்கள். ஸ்டேஷனில் இது சிவில் விவகாரம், போங்கள் என்றால் வாதாடாதீர்கள். அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், புதிய நடைமுறைச் சட்டம் பி.என்.எஸ்.எஸ். 173(4) அந்த உரிமையைக் கொடுக்கிறது. கஞ்சாவுக்கா பணம் கட்டினாய் என்று மிரட்டுவார்களே என்று பயப்படுவீர்கள். விதைக்காதவரை நீங்கள் ஏமாந்தவர். முந்திக்கொண்டு புகார் கொடுத்தவர் என்பது பிறகு உங்களுக்குப் பெரிய பலம்.

ஐம்பதாயிரம் திரும்பி வருமா என்றால் உறுதி சொல்ல மாட்டேன். வந்தாலும் நாளாகும்.

கிணற்றடியில் கால் ஏக்கர் போட்ட அந்த மனிதரைத்தான் நினைத்துக் கவலையாக இருக்கிறது. இன்று சாயங்காலமே அவரைப் போய்ப் பாருங்கள். தன் நிலத்தில் இந்தச் செடி இருப்பது தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதும் இந்தச் சட்டத்தில் குற்றம். ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி எரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தர்மபுரி கோர்ட்டில் இந்த வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு, கம்பெனி ரசீதையும் மீதி விதையையும் எடுத்துக்கொண்டு, போலீஸ் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால் அவரே ஸ்டேஷனுக்குப் போகட்டும்.