மண்ணில் உள்ள ஈயம் கீரையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எப்படி அளப்பது?

கேட்டவர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிறார். முன்பு யாரோ ஆலைக் கழிவை உரமென்று சொல்லி அங்கே கொட்டியிருக்கிறார்கள். மண்ணைச் சோதித்தால் போதுமா, காய்கறியையும் சோதிக்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

காய்கறியைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அது வளர்ந்த அதே இடத்து மண்ணையும் கூடவே சோதிக்க வேண்டும். நானும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்தவள். வேதியியல் முதுகலைப் படிப்பில் இதையே ஆய்வாகச் செய்தேன்.

இந்தப் பயம் நம் பக்கத்தில் வீணாக வந்ததல்ல. பிளாச்சிமடை மென்பான ஆலையின் கழிவுச் சேற்றை விவசாயிகளுக்கு உரமாகக் கொடுத்தார்கள். 2003-இல் பிபிசி வானொலி அந்தச் சேற்றை இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சோதித்தபோது அதில் நச்சு உலோகங்களான காட்மியமும் ஈயமும் இருந்தன. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆனால் சேற்றில் உலோகம் இருப்பதாகத் தெரிந்துவிட்டதாலேயே, அது கலந்த மண்ணில் விளைந்த கத்தரிக்காயில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்துவிடாது. அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

எங்கள் வீட்டுத் தோட்டத்தை ஒட்டி ஒரு கொட்டகை இருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத் தகடு எடுப்பார்கள். கொட்டகை மூடிப் பல வருடங்களுக்குப் பிறகு, வேலியோரத்தில் அம்மா போட்டிருந்த தண்டுக்கீரையை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். முடிவைப் பார்த்ததும் நெஞ்சு பதறியது. அண்ணன் குழந்தைகள் தினமும் சாப்பிட்ட கீரை அது. அன்றே வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிப் பாத்தியையே அழிக்கச் சொன்னேன். வார இறுதியில் ஊருக்குப் போனபோது அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மூன்று தண்ணீரில் அலசாத கீரையை யார் கண்ணு சட்டியில் போடுவார்கள்?” நான் இலையை ஒரு முறை நனைத்து உதறிவிட்டு உலர்த்தி அரைத்திருந்தேன். அதே பாத்தியில் மறுபடி விதைத்துப் பறித்து, அம்மா அலசியது போலவே அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரிலும் அலசிச் சோதித்தேன். ஈயம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

ஏன் என்பதைக் கணக்காகப் பார்த்தால் புரியும். மண்ணில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஈயம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மழைத்துளி தெறித்து ஒரு கிலோ பச்சைக் கீரையில் ஒரே ஒரு கிராம் மண் ஒட்டியிருந்தால், அந்த மண் மட்டுமே 0.2 மில்லிகிராம் ஈயத்தைச் சேர்த்துவிடும். கோடெக்ஸ் உணவுத் தர அமைப்பு இலைக் காய்கறிக்கு வைத்திருக்கும் வரம்பே பச்சை எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம்தான். வேர் வழியாக ஏறியது எவ்வளவு, இலையில் ஒட்டியது எவ்வளவு என்று பிரிக்காமல் செடி ஈயத்தை எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று சொல்ல முடியாது. பிரிக்க ஒரு வழி, அதே மாதிரியில் டைட்டானியத்தையும் அளப்பது. மண்ணில் அது தாராளமாக இருக்கும், செடியோ அதை ஏறக்குறைய எடுத்துக்கொள்வதே இல்லை. அலசிய இலையிலும் டைட்டானியம் தெரிந்தால் மண் இன்னும் போகவில்லை என்று பொருள்.

காட்மியத்தின் குணம் வேறு. ஈயம் மண்ணோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். ஏறினாலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். காட்மியம் துத்தநாகம் போகும் பாதையிலேயே நுழைந்து இலைவரை போய்விடும். அது இலைக்குள் இருப்பதால் எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பகுதியில் சுரங்கக் கழிவின் காட்மியம் நெல்லில் ஏறி, அதைச் சாப்பிட்டவர்களின் எலும்பையும் சிறுநீரகத்தையும் சிதைத்தது. இலைக் காய்கறிக்குக் காட்மியத்தின் கோடெக்ஸ் வரம்பு 0.2 மில்லிகிராம்.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். சந்தேகம் உள்ள இடத்தில் ஐந்தாறு செடிகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றின் வேரடியிலும் ஒரு சாண் ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து ஒரு மாதிரியாக்குங்கள். இப்படி மூன்று இடங்களிலாவது எடுக்க வேண்டும். கழிவு படாத ஒரு தோட்டத்திலிருந்து அதே ரகக் கீரையும் மண்ணும் வேண்டும். ஒப்பிட அது இல்லாவிட்டால் கிடைக்கும் எண் அந்தரத்தில் தொங்கும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள். கீரையைப் பச்சையாக எடை போட்டுக் குறித்துவிட்டு, அறுபது எழுபது டிகிரியில் உலர்த்தி மறுபடி எடை போட வேண்டும். எஃகுக் கத்தி குரோமியத்தையும் நிக்கலையும் விட்டுவிடும், பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் விட்டுவிடும். ஆகவே பிளாஸ்டிக் கத்தி, நைலான் சல்லடை.

இரண்டு எடையையும் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வகம் பெரும்பாலும் உலர் எடைக்குத்தான் எண் தரும், வரம்போ பச்சை எடைக்கு. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்றால் உலர் எடையில் 4 என்பது பச்சையில் 0.4. இதை மாற்றாமல் ஒப்பிட்டு ஊரையே கலங்கடித்தவர்களும் உண்டு, தவறாக நிம்மதி அடைந்தவர்களும் உண்டு. செடிக்கும் மண்ணுக்கும் உள்ள விகிதத்துக்கு மட்டும் உலர் எடையையே வையுங்கள்: இலையில் 4, மண்ணில் 200 என்றால் 0.02.

அரசு தரும் மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவுகள் இருக்கும். ஈயமும் காட்மியமும் அதில் கிடையாது. தனியாகக் கேட்டுக் காசு கட்ட வேண்டும். எந்தக் கருவி என்றும் கேளுங்கள். ஒரு கிராம் இலைத்தூளை அமிலத்தில் கரைத்து 50 மில்லியாக்கினால், வரம்பை ஒட்டிய ஈயம் அந்தக் கரைசலில் லிட்டருக்கு 0.06 மில்லிகிராம்தான் இருக்கும். சுடர் வகை அணு உறிஞ்சல் கருவி அந்த அளவில் தடுமாறும். அதைவிட நுட்பமாக அளக்கும் கிராஃபைட் உலை வகையோ ஐசிபி-எம்எஸ் கருவியோ வேண்டும். அறிக்கையில் “கண்டறியும் எல்லைக்குக் கீழே” என்று வந்தால், அந்த எல்லை எவ்வளவு என்று கேட்காமல் தாளை வாங்காதீர்கள். இலை சேர்க்காத வெற்று அமிலத்தையும், அளவு முன்பே தெரிந்த சான்றிதழ் பெற்ற இலைத்தூளையும் கூடவே ஓட்டினார்களா என்றும் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், நல்ல ஆய்வகம் மகிழ்ச்சியோடு சொல்லும்.

மண்ணின் கார அமிலத் தன்மையையும் அளந்து வாருங்கள். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதிப் பக்கத்துக் கரிசல் சுண்ணாம்பு கலந்த காரமண். அதில் காட்மியம் எளிதில் அசையாது. மேற்கே போனால் வெட்டுக்கல் செம்மண், புளிப்பான மண். இரண்டிலும் ஒரே அளவு காட்மியம் இருந்தாலும் செம்மண் கீரையில் கூடுதலாக ஏறும். அங்கே சுண்ணாம்பு போட்டால் பலன் உண்டு. கரிசலில் போடுவது வீண் செலவு.

தொட்டியில் வளர்த்துப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். பார்க்கலாம், ஆனால் வேர் அந்தச் சிறு மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருப்பதால் வயலைவிடக் கூடுதலாக ஏறுவது வழக்கம். ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

எங்கள் வேலியோரத்தில் இப்போது புடலைப் பந்தல் நிற்கிறது. மண் தெறிக்காத உயரத்தில் காய்க்கிறது, காய்க்கு ஈயம் ஏறுவதும் குறைவு. கீரையைக் கிணற்றடிக்கு மாற்றிவிட்டோம். குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை என்பதால், அலசிய பிறகு கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டும் அந்தப் பாத்தியில் மறுபடி கீரை போட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பரிசோதனைத் தாள் கைக்கு வரும்வரை அந்த மூலையில் கீரையையும் முள்ளங்கியையும் நிறுத்தி வையுங்கள். வெண்டையும் தக்காளியும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அவற்றையும் ஒரு மாதிரி சேர்த்து அனுப்புங்கள்.