‘நோ ஷோ’ என்று எழுதிவிட்டால் பணம் போச்சா?

கேள்வி: இரவு 9.30 மணி பேருந்துக்கு ஆன்லைனில் டிக்கெட் போட்டிருந்தேன். 9.10-க்கே டிக்கெட்டில் இருந்த போர்டிங் பாயிண்டுக்குப் போய்விட்டேன். 9.40 வரை வண்டி வரவில்லை. டிரைவர் நம்பருக்கு அழைத்தால், “பாயிண்ட்டை மாத்தி மெசேஜ் அனுப்பினோமே, வண்டி கிளம்பிடுச்சு” என்கிறார். அந்த மெசேஜ் வந்த நேரம் 9.22. புதிய இடம் 3 கிலோமீட்டர் தள்ளி. ரீஃபண்ட் கேட்டதற்கு, ‘நோ ஷோ, விதிப்படி பணம் திரும்பத் தரப்படாது’ என்று ஒரே பதிலை இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள். இத்தோடு விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே கனமானது அந்த 9.22 என்ற நேரம்தான். புறப்பட 8 நிமிடம் இருக்கும்போது, இரவில், பெட்டியோடு 3 கிலோமீட்டர் போய்ச் சேர் என்று சொல்வது தகவல் கொடுத்ததாகாது.

‘நோ ஷோ’ என்றால் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு வண்டி நிற்கிறது, பயணி வரவில்லை என்று பொருள். உங்களுக்கு நடந்தது நேர்மாறு. ஆனால் புகாரைப் பார்க்கும் ஊழியரின் திரையில் இருக்கை காலியாகப் போனது மட்டும்தான் தெரியும். ஏன் காலி என்பது தெரியாது. அதனால்தான் இரண்டு முறையும் அச்சடித்த பதில் வந்திருக்கிறது. அந்த ‘ஏன்’ என்பதை நீங்கள்தான் ஆதாரத்தோடு அவர்கள் முன்னால் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னிடம் வரும் கடிதங்களில் பெரும்பாலும், “நான் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன், தயவுசெய்து பணத்தைத் திருப்பித் தாருங்கள்” என்றே தொடக்கம் இருக்கும். பேச்சு வழக்கில் அது சாதாரண வாக்கியம். புகாரில் அது ஒப்புதல் வாக்குமூலம். தவறவிட்டது நீங்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு எதை வைத்து வாதாடுவது? ‘குறிப்பிட்ட இடத்தில் காத்திருந்தேன், என்னை ஏற்றிக்கொள்ளவில்லை’ என்று எழுதுங்கள். நடந்ததும் அதுதானே.

அதற்கு முன் சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள். முதலில், பதிவு செய்தபோது மின்னஞ்சலில் வந்த டிக்கெட். செயலியில் இப்போது திறந்து பார்த்தால் புதிய போர்டிங் பாயிண்ட்டே முதலிலிருந்து இருந்தது போலக் காட்டக்கூடும். மின்னஞ்சலில் வந்த பிரதி மாறாது. அடுத்து, நேரம் தெரியும்படி அந்த மெசேஜின் ஸ்கிரீன்ஷாட், டிரைவருக்கு அழைத்த கால் பதிவு. பாயிண்ட்டுக்கு ஆட்டோவிலோ டாக்சியிலோ போயிருந்தால் அந்த ரசீது, போனில் இருப்பிட வரலாறு இயங்கியிருந்தால் அன்றைய பக்கம். நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு இவற்றில் ஏதாவது ஒன்று கிடைத்தாலும் நல்லது.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“டிக்கெட்டில் குறிப்பிட்ட இடத்தில் இரவு 9.10 முதல் 9.40 வரை காத்திருந்தேன். ஏறும் இடம் மாறியதாக உங்கள் செய்தி 9.22-க்கு வந்தது. புறப்படும் நேரம் 9.30, புதிய இடம் 3 கிலோமீட்டர் தொலைவு. ஒப்புக்கொண்ட இடத்தில் நீங்கள் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. செலுத்திய முழுத் தொகையையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தரவும். மறுப்பதாக இருந்தால், எந்த விதியின்படி என்பதையும், வண்டி எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பதற்கான ஜிபிஎஸ் பதிவையும் அனுப்பவும்.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதற்கு அச்சடித்த பதிலை அனுப்ப முடியாது. டிக்கெட்டை வேறொரு தளம் வழியாக வாங்கியிருந்தால், இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். தனித்தனியாக அனுப்பினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டியே மாதத்தைக் கடத்திவிடுவார்கள்.

‘போர்டிங் பாயிண்ட்டை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்ற நிபந்தனையை அவர்கள் எடுத்துக் காட்டலாம். மாற்றலாம்தான், ஆனால் பயணி போய்ச் சேரக்கூடிய நேரத்தில் சொல்ல வேண்டும். சட்டங்களும் இந்தத் திசையில்தான் போகின்றன. விமானம் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகப் புறப்படும்படி மாற்றப்பட்டால் அது ரத்துக்குச் சமம் என்று 2021 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் 2024 விதியில், உள்நாட்டு விமானம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாகப் புறப்படும்படி மாறினால், அந்த மாற்றத்தை ஏற்காத பயணிக்கு ரீஃபண்ட் உண்டு. 2021-ல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றில், ரயில் 4 மணி நேரம் தாமதமானதால் ஒரு குடும்பம் விமானத்தைப் பிடிக்க முடியாமல் போனது. தாமதம் தன் கட்டுப்பாட்டை மீறியது என்று ரயில்வே நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் பொறுப்பேற்க வேண்டும் என்றது நீதிமன்றம். இவை விமானத்துக்கும் ரயிலுக்கும் ஆனவை. உங்கள் பேருந்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் வண்டி ஏன் அப்படிப் போனது என்று விளக்க வேண்டியது வண்டிக்காரர்தான் என்ற நியாயம் ஒன்றே.

டிக்கெட் பணமும் நஷ்டஈடும் வேறு வேறு. அன்றிரவு மாற்று வண்டி பிடித்த செலவு, தங்கிய செலவு எல்லாவற்றையும் ரசீதோடு தனிப் பத்தியில் கேளுங்கள். ஒரே தொகையாகக் கலந்துவிட்டால், நஷ்டஈட்டை மறுக்கும் சாக்கில் டிக்கெட் பணத்தையும் சேர்த்து மறுத்துவிடுவார்கள்.

கார்டில் கட்டியிருந்தால் வங்கி வழியும் இருக்கிறது. ‘சேவை வழங்கப்படவில்லை’ என்ற காரணத்தின் கீழ் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது, கேளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம். சில வங்கிகள் அதைவிடக் குறைவாகவே காத்திருக்கும் என்பதால், நிறுவனத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்காதீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் மன்றம். காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் பேருந்துப் பயணி விதிகளில் நிறுவனத்திடம் புகார் தர 3 மாதம், இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு, சர்வதேச விமானத் தாமதத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வழக்குத் தொடர 2 ஆண்டு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. நெரிசலில் மாட்டி நீங்களே தாமதமாகப் போயிருந்தால் இந்த வாதம் செல்லாது, கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. விமான டிக்கெட் என்றால் மட்டும், பயணமே செய்யாததால் கட்ட வேண்டாத வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் தருகிறார்கள், கேட்டால்தான் தருகிறார்கள். போய்வரும் டிக்கெட்டாக இருந்தால் விமானம் கிளம்பும் முன்பே நிறுவனத்தை அழைத்துச் சொல்லிவிடுங்கள். முதல் பயணத்துக்கு ஏறவில்லை என்றால் திரும்பும் டிக்கெட்டையும் ரத்து செய்துவிடும் வழக்கம் விமான நிறுவனங்களிடம் உண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் போன சில நாட்களில் பாதிப் பணமோ, அடுத்த பயணத்துக்கான கூப்பனோ தருவதாகச் செயலியில் ஒரு பொத்தான் வரலாம். அதை அழுத்தாதீர்கள், அழுத்தினால் விஷயம் முடிந்ததாகக் கணக்கெழுதிவிடுவார்கள். “இதை முழுத் தீர்வாக ஏற்கவில்லை, மீதித் தொகை எப்போது வரும்?” என்று அதே மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பிவிட்டு, அந்தப் பதிலையும் வங்கிக்குத் தரும் சான்றுகளோடு சேர்த்து வையுங்கள்.