டிடிஎஸ் குறைவாக இருந்தால் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?

கேட்டவர், வீட்டுத் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் 180 காட்டுகிறது, அப்படியே குடிக்கலாமா என்கிறார். அந்த எண்ணை மட்டும் வைத்துக் குடிக்காதீர்கள். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைக் கணக்கிடுவதுதான் மீட்டரின் வேலை. கிருமி அதன் கண்ணில் படாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு. என் மகளும் அதில் ஒருத்தி. மீட்டரில் 240, தண்ணீரோ பளிங்கு போல இருந்தது. சுகாதாரச் செவிலியர் சிறிய பரிசோதனை பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். கோடு வரை தண்ணீர் பிடித்து, மூடி, அடுப்படி அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலையில் பாட்டில் முழுக்க மை ஊற்றியது போல் கறுத்துக் கிடந்தது. மலக்கிருமி கலந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தோண்டிப் பார்த்தபோது, தொட்டிக்கு வரும் குழாய் சாக்கடை ஓரமாக விரிசல் விட்டிருந்தது. அந்தக் கறுப்பை இன்றும் மறக்க முடியவில்லை.

ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது; வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கிறார்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதிகம் போனால் 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரால் பல்லில் பழுப்புக் கறை படிந்த எத்தனை பேரைப் பார்க்கிறோம்! ஃபுளோரைடுக்கு நிறமோ நாற்றமோ கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆகவே, உங்களுடையது ஆழ்துளைக் கிணறு என்றால் ஃபுளோரைடு, நைட்ரேட் இரண்டையும் முதலில் பாருங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் உங்கள் வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது, அன்றைக்கே ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். வேதியியல் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை போதும். கிருமிச் சோதனையை மழைக்கு முன்னும் பின்னும் செய்யுங்கள்.

அதுவரை தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். அறிக்கை வந்ததும் எண்களை எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.