வாசகர் கேள்வி: பதினொன்று வரை திரும்பும் குமிழ்

கேள்வி: ராக், பங்க் இசைக் குழுக்களைப் பற்றிய படங்களில் தங்களுக்குப் பிடித்தவை எவை?
- வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: முதலிடம், ராப் ரெய்னர் 1984இல் இயக்கிய 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்துக்கே. இல்லாத ஒரு குழுவை ஆவணப்படம் போலக் காட்டும் இந்தக் கேலிப்படத்தில், கிதார் கலைஞர் ஒருவர், தம் ஒலிபெருக்கியின் குமிழில் பத்துக்குப் பதிலாகப் பதினொன்று வரை எண்கள் இருப்பதைப் பெருமையுடன் காட்டுகிறார். பத்தையே இன்னும் சத்தமாக வைத்தால் என்ன என்று கேட்டதும், ஒரு கணம் விழித்துவிட்டு, இது பதினொன்று வரை போகும் என்றே மீண்டும் சொல்கிறார். உங்கள் ஊர்த் திருவிழாவில் சவுண்ட் செட் போடுபவரிடமும் இந்த நம்பிக்கையை நீங்கள் கண்டிருக்கலாம்.

ராக்கின் முரட்டுக் கிளையான பங்க் இசைக்கு, 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் சிட் விஷஸையும் அவர் காதலி நான்சியையும் பற்றி அலெக்ஸ் காக்ஸ் இயக்கிய 'சிட் அண்ட் நான்சி' (1986). சிட்டாக நடித்த கேரி ஓல்ட்மேனுக்காகவே பார்க்கலாம், காதல் கதையாக மட்டும் நம்பிவிடாதீர்கள். பங்க் அலைக்குப் பின் வந்த ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர், 23 வயதில் உயிரை மாய்த்துக்கொண்ட இயன் கர்ட்டிஸைப் பற்றிய 'கண்ட்ரோல்' (2007) கறுப்பு வெள்ளைப் படம். அக்குழுவை முன்பு புகைப்படம் எடுத்த ஆன்டன் கோர்பைனே அதன் இயக்குநர் என்பதாலோ என்னவோ, மேடைக் காட்சிகளைவிட வெறிச்சோடிய தெருக்களே என் மனத்தில் தங்கியிருக்கின்றன.