கேள்வி – பதில்

கே: கனடாவின் கேனபி குரோத் கஞ்சா நிறுவனம் மளமளவென வளர்ந்து பிறகு சுருங்கியது ஏன்?

ப: 2014-இல் ஒன்டாரியோவின் ஸ்மித்ஸ் ஃபால்ஸில், மூடிக்கிடந்த ஹெர்ஷி சாக்லேட் ஆலையில் 'ட்வீட்' என்ற பெயரில் மருத்துவக் கஞ்சா வளர்த்த நிறுவனம் அது. 2018 அக்டோபர் 17-இல் மருத்துவம் அல்லாத பயன்பாடும் சட்டபூர்வமானது. அதே ஆண்டில் அமெரிக்க மதுபான நிறுவனமான கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ் இதில் சுமார் 500 கோடி கனடிய டாலரைக் கொட்டியது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி விரிவாக்கத்துக்குப் போனதுதான் தவறு என்பேன். கடைகள் மெதுவாகத் திறந்தன, சரக்கு தேங்கியது. உலர்ந்த கஞ்சாப் பூவை அரிசி மூட்டைபோல் அடுக்கிவைக்க முடியாது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். 55-க்குக் கீழே போனால் பூ நொறுங்கும், மணம் போய்விடும்.

வரி இன்னொரு அடி. பெரும்பாலான மாகாணங்களில் கிராமுக்கு 1 டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அது. மொத்த விலை 10 டாலராக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். அதுவே 3 டாலருக்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு வரிக்கே போகும்!

2020-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுமார் 30 லட்சம் சதுர அடிப் பசுமைக்குடில்களை மூடியது. 2023-இல் அந்தப் பழைய ஆலையை ஹெர்ஷிக்கே விற்றது.